கடையில் வாங்கின பிடியரிசி

என் பெயரை அச்சில் போட்டுவிட்டார்கள். இரண்டாம் வேதபாடத்துக்குக் கீழே, காணிக்கைப் பாட்டுக்கு மேலே, 'சாட்சி: திருமதி எப்சிபா ஆசீர்' என்று இருக்கிறது. என் கல்யாணப் பத்திரிகை, மகன் ரூபன் கல்யாணப் பத்திரிகை, அதற்குப் பிறகு இந்தத் தாள். என் வீட்டுக்காரர் இறந்தபோது அடித்த அட்டையில்கூட என் பெயர் இல்லை, 'மனைவி மக்கள்' என்று மட்டும் இருந்தது, மக்கள் என்று இருந்தது ரூபன் ஒருவன்தான். தாளின் தலையில் 'உக்கிராணத்துவ ஞாயிறு' என்று கொட்டை எழுத்து. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான், அந்த வார்த்தையை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறேன், ஆனால் அர்த்தம் தெரியும். நம்மிடம் இருக்கிற எதுவும் நம்முடையது இல்லை, எசமான் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார், நாம் அவர் சாமான் வைத்திருக்கிற உக்கிராண அறையைப் பார்த்துக்கொள்கிற ஆள், ஒருநாள் அவர் வந்து கேட்பார். கேட்பார் என்கிற இடம் வந்தால் சின்ன வயதிலிருந்தே நான் தலையைக் குனிந்துகொள்வேன். இப்போதும் தாளைத்தான் பார்க்கிறேன். காலையில் எதுவும் சாப்பிடவில்லை. முதல் பாடம் முடிந்துவிட்டது. பெண்கள் பக்கத்து ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை 'கடக்' என்கிறது, யாரும் அதைப் பார்ப்பதில்லை, நான் ஒருத்திதான் அடுத்த 'கடக்' எப்போது வரும் என்று காத்திருக்கிறேன். வெளியே துறைமுகம் போகிற லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது. இரண்டாம் பாடம் பதினெட்டு வசனம். வாசிக்கிறவர் நிறுத்தி நிறுத்தி வாசிக்கிறவராக இருந்தால் நல்லது. அதற்குப் பிறகு, கர்த்தர் எனக்குச் செய்ததைச் சபை முன்னால் சொல்ல என்னைக் கூப்பிடுவார்கள். நான் போய்ப் பொய் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும், இரண்டில் எது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

பெரிய பொய் ஒன்றும் இல்லை. கொலை இல்லை, களவு இல்லை. அரிசி. எங்கள் சபையில் பிடியரிசி என்று ஒரு முறை உண்டு. ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும், வீட்டாட்களுக்கு அளந்து எடுத்த அரிசியிலிருந்து, கழுவுவதற்கு முன்னால், ஒரு கைப்பிடி எடுத்துத் தனி டின்னில் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதைச் சபை கொடுத்திருக்கிற துணிப்பையில் கொட்டிக்கொண்டு வந்து வாசல் பக்கத்து டிரம்மில் சேர்க்க வேண்டும். பையில் வீட்டு எண் நீலமையில் இருக்கும். எங்கள் பை நாற்பத்துமூன்று. சேர்ந்த அரிசி மலைப்பக்கம் ஊழியம் செய்கிற இரண்டு குடும்பங்களுக்குப் போகும். நாம் மலைக்குப் போகவில்லை, பிரசங்கம் பண்ணவில்லை, ஆனால் நம் வயிற்றிலிருந்து ஒரு பிடி போகிறது, அதனால் அந்த வேலையில் நமக்கும் பங்கு உண்டு. ஞாயிறு பள்ளியிலிருந்தே இப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வயிற்றிலிருந்து எடுக்க வேண்டும். கடையிலிருந்து எடுக்கக் கூடாது. இதை யாரும் எழுதிப் போட்டதில்லை, எழுத வேண்டிய அவசியம் வந்ததில்லை, யார் போய்க் கடையில் வாங்கிப் பிடியரிசி போடப்போகிறார்கள்? நான் போட்டேன். ஒன்றேகால் வருஷமாகப் போடுகிறேன். திங்கட்கிழமை வாங்கி டின்னில் கொட்டி, சனிக்கிழமை டின்னிலிருந்து பையில் கொட்டுகிறேன். டின்னில் கொட்டாமல் நேரே பையில் கொட்டலாம், ஆனால் அப்படிச் செய்யக் கை வருவதில்லை. யாரை ஏமாற்ற அந்த டின்? வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. கர்த்தரைத்தான் ஏமாற்றப் பார்க்கிறேனோ என்னவோ, அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தால் டின்னில் அரிசி இருக்கட்டும் என்று.

வீட்டுக்காரர் இருந்தபோது கேலி பண்ணுவார். அடுக்களை வாசலில் நின்றுகொண்டு, "ஏ எப்சி, ஆண்டவரு என் தட்டுலயே கைய வைக்காரு பாத்தியா, உன் பங்குலருந்து எடு" என்பார். "உங்க தொப்பைக்கு ஒரு பிடி குறைஞ்சா ஆண்டவருக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம்" என்பேன். ரூபன் நாலு வயதில் முக்காலியில் ஏறி நின்று, நான்தான் எடுப்பேன் என்று அடம் பிடிப்பான். அவன் பிடியில் எவ்வளவு வரும், முப்பது மணி வரும், அதிலும் பாதி விரல் இடுக்கில் கொட்டிப் போகும். டின்னுக்குள் எட்டிப் பார்த்து, "இயேசப்பாவுக்கு இது பத்துமாம்மா?" என்று கேட்டுவிட்டு அவனே இன்னொரு பிடி போடுவான். மூன்று வேளை அடுப்பு எரிந்த வீடு அது. மூன்று பிடி. விருந்தாள் வந்தால் நாலு. பையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு நடக்கிறபோது கை வலிக்கும், வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றுவேன். இப்போதும் அதே கனம்தான், அதே மாதிரிதான் மாற்றுகிறேன். தெருவில் பார்க்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அவர் போய் நாலு வருஷம், ரூபன் ஓசூருக்குப் போய் ஒன்றரை வருஷம், நாற்பத்துமூன்றாம் எண் வீட்டில் இன்னும் மூன்று வேளை உலை கொதிக்கிறது. பை சொல்கிறது அப்படி.

ரூபன் போன புதிதில் ஒழுங்காகத்தான் எடுத்தேன். அவன் வாடகை வீடு ஒரே அறை, மருமகளுக்கு ஒரு வாரம் பகல் வேலை, ஒரு வாரம் ராத்திரி வேலை, அங்கே போய் நான் எங்கே படுப்பது, அதனால் போகவில்லை, அதில் வருத்தம் ஒன்றுமில்லை, இருந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை. எனக்குக் கால் உழக்கு அரிசி செல்லும். அதில் ஒரு பிடி எடுத்தால் பாத்திரத்தின் அடி தெரியும். முதல் நாள் எடுத்துவிட்டு அடியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கூட அளந்தால் மிஞ்சும், மிஞ்சினால் மறுநாளும் அதையே சாப்பிட வேண்டும், மறுநாள் உலை இல்லை, உலை இல்லாவிட்டால் பிடி இல்லை. மூன்று விரலால் எடுத்துப் பார்த்தேன். மூன்று விரலால் எடுப்பது பிடியா? திருநீறு மாதிரி இருக்கிறது என்று எனக்கே சிரிப்பு வந்தது, சிரித்தேன், அடுக்களையில் என் சிரிப்பு எனக்கே வேறு யாரோ சிரித்தது போல் கேட்டது, நிறுத்திவிட்டேன். அந்த ஞாயிறு பையைக் கொண்டுபோனபோது வாசலில் டிரம்மோடு உட்கார்ந்திருக்கிற கிரேனாப்பு அதை ஒரு விரலில் மாட்டித் தூக்கிக் காட்டினாள். அவள்தான் பை வாங்குகிறவள், எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு, உறவு இல்லை, பேச்சுக்கு ஒருத்திக்கொருத்தி மதினி, மூன்று மருமகளும் பேரப்பிள்ளைகளுமாகப் பன்னிரண்டு பேர் உள்ள வீடு. "என்ன மயினி, பை இம்புட்டுத்தானா? வீட்டுல எல்லாரும் புரோட்டாவுக்கு மாறிட்டியளோ?" என்றாள். வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். 'எல்லாரும்' என்று சொன்னாளே, அந்த ஒரு சொல் வீடு வரைக்கும் கூட வந்தது. அவள் வேண்டுமென்றே சொல்லவில்லை. ரூபன் போனது அப்போது அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ. மறுநாள் காலையில் செல்லையா அண்ணாச்சி கடையில் போய் நின்றேன். வாங்கினேன். அடுத்த வாரமும் வாங்கினேன். ஒருநாள் அண்ணாச்சி கேட்டார், "ஒத்தை ஆளுக்கு எதுக்கும்மா வாராவாரம் அரிசி, கோழி வளக்கியளா?" "விருந்தாள் வருது அண்ணாச்சி" என்றேன். "நல்ல விருந்தாள், வாரம் தவறாம வருது" என்றார் அவர் தராசைப் பார்த்துக்கொண்டே.

எப்போது சமையலை நிறுத்தினேன் என்று சொல்ல முடியவில்லை. ஒருநாள் நிறுத்தியதாக ஞாபகம் இல்லை. ஒரு வேளை விட்டது, பிறகு ஒரு நாள் விட்டது. ஜவுளிக்கடைக்குச் சேலை ஃபால்ஸ் தைத்துக் கொடுக்கிறேன், ஊசியும் கையுமாக உட்கார்ந்தால் மத்தியானம் போய்விடும், தெருமுனைக் கடையில் நாலு இட்லி வாங்கினால் காலைக்கு இரண்டு, ராத்திரிக்கு இரண்டு. கடைக்காரன் ஒரு பொட்டலச் சட்னி போதுமா, இரண்டு வேண்டுமா என்று கேட்பான், இரண்டு வாங்கிக்கொள்வேன், ஒன்று கெட்டுப்போகும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரூபன் பேசுவான். "சாப்ட்டியாம்மா?" "சாப்ட்டேன்." "என்ன குழம்பு?" இந்தக் கேள்விக்கு மட்டும் நான் தயாராக இருப்பேன். போன வாரம் சொன்ன குழம்பையே இந்த வாரமும் சொல்லிவிடக் கூடாதென்று காலையிலேயே யோசித்து வைத்துக்கொள்வேன். வத்தக்குழம்பு, அவித்த முட்டை. சாளை மீன், ரசம். சொல்லும்போது வாயில் எச்சில் ஊறும். "நீ வைக்கிற மீன் குழம்பு மாதிரி இங்க இவளுக்கு வரலம்மா" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வான், எனக்கு அந்த வாரம் முழுக்க அது போதும், வைக்காத குழம்புக்குக் கிடைத்த பேர். ஒரு ஞாயிறு அப்படிக் கேட்டுப் போனை வைத்ததும் வேதத்தில் வருகிற அந்தப் புருஷனும் பெண்சாதியும் ஞாபகம் வந்தார்கள். நிலத்தை விற்று, ஒரு பங்கை ஒளித்து வைத்துக்கொண்டு, கிடைத்ததெல்லாம் இதுதான் என்று சபை முன்னால் பொய் சொல்லி, அங்கேயே விழுந்து செத்தார்கள். முதலில் அவன், மூன்று மணி நேரம் கழித்து அவள். அவளுக்கு அவன் செத்தது தெரியாது. அந்த மூன்று மணி நேரம் அவள் என்ன பண்ணினாள் என்று எங்கும் எழுதவில்லை. உலை வைத்திருப்பாள். அவர்கள் குறைத்துக் கொடுத்துவிட்டு முழுசு என்றார்கள். நான் கூடக் கொடுத்துவிட்டு என்ன சொல்கிறேன்? நான் கொடுத்ததில் குறை இல்லை. அரிசியில் பொய் இல்லை, அரிசி அரிசிதான், மலைமேல் இருக்கிற பிள்ளைகளுக்கு அது வயிற்றை நிரப்பியிருக்கும், கடை அரிசியா கைப்பிடி அரிசியா என்று பசி கேட்குமா? கேட்காது. அப்படியானால் பொய் எங்கே இருக்கிறது? பையில் இருக்கிறது. பை தொங்குகிற கனத்தில் இருக்கிறது. இதற்காக ஒருத்தி விழுந்து சாவாளா? இங்கே, ஃபேனுக்குக் கீழே, புது மொசைக் தரையில்?

இரண்டாம் பாடம் தொடங்கிவிட்டது. வாசிக்கிறவர் வேகமாக வாசிக்கிறார். முக்காட்டை இழுத்து விட்டுக்கொள்கிறேன். பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது, ஆனாலும் வாசல் பக்கம் டிரம் பக்கத்தில் கிரேனாப்பு உட்கார்ந்திருப்பது முதுகில் தெரிகிறது. போன வாரம் என் பையைக் கொட்டிவிட்டு, டிரம்முக்குள் கையை விட்டு அளைந்து, "உங்க அரிசி மட்டும் எப்பவும் ஒரே நிறமா இருக்கு மயினி" என்றாள். மற்ற வீட்டு அரிசி அப்படி இருக்காது. ரேஷன் தடிப்பு, கடைப் பொன்னி, பாதியில் மாற்றிய சாக்கு, அடுக்களை ஈரத்தில் மஞ்சள் தட்டியது, நடுவே ஒரு உளுந்து, ஒரு வண்டு. என் அரிசியில் வண்டு இல்லை. "நல்லாப் புடைச்சிப் போடுதேன்" என்றேன். அவள் கையை உதறிவிட்டு அடுத்த பையை வாங்கினாள். கேலி பண்ணாமல் கிரேனாப்பு ஒரு பேச்சை விட்டு நான் பார்த்ததே இல்லை. அவளுக்குத் தெரியுமோ? தெரிந்தால் இந்நேரம் பெண்கள் பக்கம் முழுக்கத் தெரிந்திருக்கும். முன் பெஞ்சில் இரண்டு பேர் தலையைச் சேர்த்து ஏதோ பேசுகிறார்கள், என்னைத்தானோ? இல்லை, ஒருத்தி மற்றவளுக்கு இருமல் மிட்டாய் கொடுக்கிறாள். புதன்கிழமை பாஸ்டர் ஐயாவின் மனைவி, பாஸ்டர் அம்மா, வீட்டுக்கு வந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். "எப்சிபாக்கா, இந்த வருஷம் நீங்கதான் சாட்சி சொல்லணும். தனியா இருந்துக்கிட்டு எங்க எல்லாரையும் விட நிறைச்சுக் கொண்டுவாறீங்க. பஞ்சகாலத்தில கடைசிப் பிடி மாவைப் பிசைஞ்சு தீர்க்கதரிசிக்கு அடை சுட்டுக் கொடுத்த விதவை மாதிரி நீங்க" என்றார்கள். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். என் கையை ஒருவர் பிடித்து எவ்வளவு நாள் ஆயிற்று, பாஸ்டர் அம்மா கை மெத்தென்று இருந்தது, அந்தக் கையை விட மனசு வரவில்லை, "சரிம்மா" என்று சொல்லிவிட்டேன். அந்த விதவையிடம் ஒரு பிடி மாவும் ஒரு பிள்ளையும் இருந்தது. அடை சுட அடுப்பு மூட்டினாள். நான் அவள் மாதிரி இல்லை. அவளிடம் இல்லாதது என்னிடம் இருக்கிறது, வாங்கப் பணம் இருக்கிறது, வீட்டில் சாப்பிட ஆள்தான் இல்லை.

அந்தக் கடிதம் மட்டும் வராமல் இருந்திருந்தால் இவ்வளவு வந்திராது. போன மாதம் மலையிலிருந்து ஊழியக்காரர் மனைவி எழுதினதைப் பாஸ்டர் ஐயா ஆராதனையில் வாசித்தார். நீங்கள் அனுப்புகிற அரிசி பல நிறம், பல பருமன், சிலது சீக்கிரம் வெந்துவிடும், சிலது கடைசிவரை விறைத்துக்கொண்டு நிற்கும், முதலில் எனக்குச் சமைக்கவே தெரியவில்லை, இப்போது பழகிவிட்டது, சாப்பிடும்போது என் பிள்ளைகள் ஒவ்வொரு பருக்கையாக எடுத்து இது யார் வீட்டு அரிசி, அந்த வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு, எத்தனை பேர் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று சொல்லி விளையாடுவார்கள், அப்படியே அந்த வீடுகளுக்காக ஜெபம் பண்ணுவோம் என்று எழுதியிருந்தாள். சபை முழுக்கச் சிரித்தது, சில பேர் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கு இரண்டும் வரவில்லை. எங்கேயோ ஒரு மலைமேல், நான் பார்க்காத ஒரு பிள்ளை, வண்டில்லாத என் வெள்ளைப் பருக்கையைத் தூக்கிப் பிடித்து, இந்த வீட்டில் மீன் குழம்பு, ஏழு பேர் என்று சொல்லியிருக்கும். அந்த ஏழு பேருக்காக ஜெபம் பண்ணியிருக்கும். அன்று வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்ததும் யாரோ எழுந்து உள்ளே போன மாதிரி இருந்தது. உட்கார்ந்து நினைத்துப் பார்த்தேன், ரூபன் ஒருவன், மருமகள் ஒருத்தி, அவர், நான், நாலு, இன்னும் மூன்று பேர் யார்? பிறக்காத பேரப்பிள்ளைகளைச் சேர்த்தேன். பிறகு எழுந்து கடை இட்லியைப் பிரித்தேன். நேற்று ராத்திரி உட்கார்ந்து ஒரு தாளில் சாட்சியை எழுதினேன், கர்த்தர் இந்த ஏழையின் வீட்டில் ஒருநாளும் பானை வற்றவிடவில்லை என்று தொடங்கினேன், எழுத்து நன்றாகத்தான் வந்தது. அதை வேதப் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன். அதை வாசித்தால் போதும். இரண்டு நிமிஷம். யாருக்கும் நஷ்டம் இல்லை. திங்கட்கிழமை மறுபடியும் அண்ணாச்சி கடை. அடுத்த திங்கட்கிழமை. அதற்கு அடுத்த திங்கட்கிழமை. எனக்கு ஐம்பத்திரண்டு வயது, எங்கள் பக்கத்தில் பெண்கள் எண்பது வரைக்கும் இருப்பார்கள்.

"சகோதரி எப்சிபா ஆசீர் இப்போது தங்கள் சாட்சியைப் பகிர்ந்துகொள்வார்கள்." பாஸ்டர் ஐயா குரல். பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் முழங்காலை ஒதுக்கி வழி விடுகிறார்கள். எழுந்துவிட்டேன். நடக்கிறேன். வேதப் புத்தகம் பெஞ்சிலேயே இருக்கிறது, தாள் அதற்குள் இருக்கிறது, திரும்பிப் போய் எடுக்க வேண்டும், கால் முன்னால்தான் போகிறது. பீடத்துக்கு முன்னால் மைக். எனக்கு முன்னால் பாடம் வாசித்தவர் உயரம், கமிட்டிக்காரர் ஒருவர் வந்து மைக்கைத் திருகி இறக்குகிறார், அது 'கீ' என்று கத்துகிறது, என் வாய் பக்கம் வந்து நிற்கிறது. இங்கிருந்து பார்த்தால் எல்லோரும் தெரிகிறார்கள். இத்தனை வருஷம் முதுகுகளைத்தான் பார்த்திருக்கிறேன். முகங்கள் இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. "எல்லாருக்கும் ஸ்தோத்திரம்" என்கிறேன். சபை பதிலுக்கு ஸ்தோத்திரம் என்கிறது. அதற்குப் பிறகு தாளில் என்ன இருந்தது? பானை. பானை வற்றவில்லை. வாயில் அது வர மாட்டேன் என்கிறது. "நான் கொண்டுவாற அரிசி பிடியரிசி இல்ல" என்கிறேன். என் குரல் மேலே ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து வருகிறது. "அதைக் கடையில வாங்கிப் போட்டேன். ஒன்னேகால் வருஷமா." அவ்வளவுதான், சொல்லிவிட்டேன், நான் விழவில்லை. பாஸ்டர் ஐயா என்னைத் திரும்பிப் பார்க்கிறார். முகத்தில் வெளிச்சம் வருகிறது. தன் மைக்கை எடுத்துக்கொள்கிறார். "பாத்தீங்களா சபையாரே! அளந்து எடுக்கிற ஒரு பிடி போதாதுன்னு, தையல் வேலையில கிடைச்ச தன்னுடைய கைக்காசைப் போட்டு வாங்கி நிறைச்சிருக்காங்க. அதைக்கூட ஒளிச்சு வைக்காம, தாழ்மையோட நம்ம முன்னால ஒப்புக்கொள்றாங்க. இதுவல்லவா நல்ல உக்கிராணத்துவம்!" ஆண்கள் பக்கத்திலிருந்து யாரோ அல்லேலூயா என்கிறார்கள். கை தட்டுகிறார்கள். பாஸ்டர் அம்மா முன் வரிசையில் கண்ணைத் துடைக்கிறார்கள். கீபோர்டில் காணிக்கைப் பாட்டின் ராகம் ஆரம்பிக்கிறது. சிரித்துவிட்டுக் கீழே இறங்கிவிடலாம். எல்லாம் நன்றாக முடிந்துவிட்டது. முன்னைவிட நன்றாகவே முடிந்துவிட்டது. இனிமேல் திங்கட்கிழமை அண்ணாச்சி கடையில் தைரியமாக வாங்கலாம். பெஞ்சில் என் இடம் காலியாகத் தெரிகிறது, அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்கள். அங்கே போய் உட்கார்ந்தால் இனி எப்போதும் யாருக்கும் தெரியவராது.

"ஐயா, நான் இன்னும் முடிக்கல." மைக்கில்தான் சொல்லியிருக்கிறேன். கீபோர்டுக்காரர் கையை எடுக்கவில்லை, ஒரே சுரம் இழுத்துக்கொண்டே நிற்கிறது, பிறகு அதுவும் நிற்கிறது. "நான் கூடக் குடுக்கணும்னு வாங்கல. எங்க வீட்டுல உலை வச்சே எத்தனையோ மாசம் ஆச்சு. ஒத்தை ஆளுக்கு அளந்தா அதுல ஒரு பிடி எடுக்க வரல. எடுத்தா எனக்கு இல்ல, எனக்கு வச்சா பிடிக்கு இல்ல. சின்னப் பையைத் தூக்கிட்டு வந்தா வீட்டுல ஆள் இல்லன்னு நீங்க நினைப்பியன்னுதான் வாங்கிப் போட்டேன். ஆள் இல்லதான்." யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. ஃபேன் 'கடக்' என்கிறது. பாஸ்டர் ஐயா கையில் நிகழ்ச்சித் தாள் இருக்கிறது, அதில் இப்படி ஒன்று போடவில்லை, தாளையே பார்க்கிறார். இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் அடுத்ததும் வருகிறது, நான் யோசித்து வைக்காதது, எங்கேயிருந்து வருகிறது என்று எனக்கே தெரியவில்லை. "இன்னைக்கு மத்தியானம் உலை வைக்கலாம்னு இருக்கேன். யாராவது சாப்பிட வந்தா அளக்குற அரிசி கூடும். கூடுச்சுன்னா ஒரு பிடி எடுத்துக்கிடலாம்." சொன்ன பிறகுதான் உறைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை. எல்லோர் வீட்டிலும் கறி. காலையிலேயே மசாலா அரைத்து, குக்கரில் மூன்று விசில் விட்டுவிட்டுத்தான் கோயிலுக்கு வந்திருப்பார்கள். யார் அதை விட்டுவிட்டு என் வீட்டுக்கு வருவார்கள்? முகங்கள் குனிகின்றன, ஒவ்வொன்றாக, பாட்டுப் புத்தகத்தில் பாட்டைத் தேடுவது போல. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. இப்படிச் சபை நடுவில் ஒருத்தி சாப்பிடக் கூப்பிட்டால் நானும் குனிந்துதான் இருப்பேன். ஐயோ, எதற்குக் கேட்டேன், இறங்கிப் போய்விடலாம், படி மூன்று, முதல் படியில் காலை வைத்தாயிற்று.

"மயினி." வாசல் பக்கத்திலிருந்து, மைக் இல்லாமல், தெருவில் கூப்பிடுகிற அதே குரலில். கிரேனாப்பு எழுந்து நிற்கிறாள், டிரம்மின் விளிம்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு. "நான் வாரேன். என் வீட்டுக் கறியை என் மருமவளுவளே தின்னு தீக்கட்டும், எனக்கு வைக்கவா போறாளுவ. ஆனா எனக்குப் புழுங்கலரிசிதான் சேரும் பாத்துக்கிடுங்க, பச்சரிசியப் பொங்கி வச்சிராதிய, வயிறு ஊதிரும்." பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்துகிறார்கள். யாரோ உஷ் என்கிறார்கள். "சரி மயினி" என்கிறேன், மைக் தூரத்தில் இருக்கிறது, அவளுக்குக் கேட்டிருக்குமோ என்னவோ, அவள் உட்கார்ந்துவிட்டாள். கீபோர்டு மறுபடி ஆரம்பிக்கிறது, எல்லோரும் பாட்டுக்கு எழுந்து நிற்கிறார்கள், நான் அவர்கள் நடுவே என் பெஞ்சைத் தேடிக்கொண்டு நடக்கிறேன். வீட்டில் புழுங்கலரிசி இல்லை. அண்ணாச்சி ஞாயிறு ஒரு மணிக்கு அடைத்துவிடுவார், ஆராதனை முடிய எவ்வளவு நேரம் ஆகும், பிரசங்கம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. குழம்புக்கு என்ன? புளி இருக்கிறது, கட்டி தட்டிப் போயிருக்கும். பெரிய பானையைப் பரணிலிருந்து இறக்க வேண்டும், உள்ளே பாச்சை ஊர்ந்திருக்கும், புளி போட்டுத் தேய்க்க வேண்டும். இரண்டு பேருக்கு எவ்வளவு அளப்பது? அரை உழக்கா, ஒன்றா? கை மறந்துபோயிருக்கிறது. பாடாமலே விரலை மடக்கிப் பார்க்கிறேன், பக்கத்தில் இருப்பவள் என்னைப் பார்க்கிறாள், பார்க்கட்டும். கிரேனாப்பு நன்றாகச் சாப்பிடுகிறவள், இன்னொருத்தியையும் கூட்டிக்கொண்டு வந்தாலும் வருவாள், வராமலே இருந்தாலும் இருப்பாள். இரண்டு உழக்கு போட்டுவிட வேண்டியதுதான். மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி வைக்கலாம். மிஞ்சட்டும்.